நீரில் மூழ்கிய மோட்டார்

நீரும் மின்சாரமும் ஒன்றற்கொன்று பகை என்பது சிறாரும் அறிந்த செய்தி. எனினும் எம் கோயம்புத்தூரிற் செய்யப்பெறும் மோட்டார்களுள் ஒருவகை, வயிறு நிறைய நீர் உண்டாலன்றி உயிர்வாழாது. இவ்விரு வகையும் ஒரே பட்டறையில் அருகருகே பழுதுபார்க்கப்படுதலைக் கண்ட யாம், கண்டதை வாசக நேயர்க்குச் சொல்ல விழைகின்றோம்.

கொங்குநாட்டில் ஆற்றுப் பாசனம் எட்டாத நிலம் மிகுதி. ஆங்கெல்லாம் கிணறே உழவனுக்குத் துணை. முன்னாளில் எருதுகள் கவலை இழுத்தன. 1932-இல் பைக்காரா மின்சாரம் தோன்றியபின் நிலைமை மாறத் தொடங்கிற்று. இந்தியாவிற் செய்யப்பெற்ற முதல் மின்மோட்டார் எனப் போற்றப்பெறுவதை 1937-இல் ஜி. டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் அவர்களும் இந்நகரிலேயே உருவாக்கினர்.

மேலிருந்து உறிஞ்சும் பம்புக்கு ஓர் எல்லை உண்டு. காற்றின் அழுத்தம் நீரை 10 மீட்டருக்குச் சிறிது மேல்வரையே உயர்த்தும். நடைமுறையில் 7 மீட்டர் கிடைப்பதே அரிது. ஆதலின் நீர்மட்டம் தாழத் தாழ, உழவர் கிணற்றினுள்ளே மேடை அமைத்துப் பம்பையும் மோட்டாரையும் இறக்கிக்கொண்டே சென்றனர். கோடைக்கு அது நன்று. ஐப்பசியில் ஓரிரவு பெருமழை கொட்டுமாயின், ஊறி ஏறும் நீர் மோட்டாரை விழுங்கிவிடும். கிணறு நிறைந்திருந்தும் வயலுக்கு நீரில்லை!

அவ்வாறு மூழ்கிய ஒன்றைக் கணபதிப் பகுதியிலுள்ள அப்பட்டறைக்கு முதிய உழவர் ஒருவர் கொணர்ந்தார். அதற்குள் மழை விட்டு வெயில் ஏறிவிட்டது. செம்மண் நிலத்தில் மஞ்சட்பயிர் நீருக்கு ஏங்கிற்று. முன்னர்ச் சென்ற வேறோரிடத்தில் காயில் முழுவதும் மாற்றவேண்டும் என்றனராம். செம்பு விற்கும் விலையில் அது அவருக்கு எளிய செய்தியன்று.

பட்டறைக்காரர் மூடிகளைக் கழற்றி உருளையை வெளியே எடுத்தார். பேரிங்கிலிருந்த கிரீஸ் நீரொடு கலந்து மோர் போல் வெளுத்திருந்தது. பேரிங்குகளை அப்பொழுதே ஒதுக்கினார். பின்னர்க் காயிலின்மேல் நல்ல நீரை ஊற்றிக் கழுவலானார். முதியவர் பதறினார்.

“ஏனுங்க தம்பி, முழுகுனதையே மறுபடியும் நனைக்கறீங்களே!”

“சேறு உள்ளயே காஞ்சு நின்னாத்தானுங்க ஐயா கெடுதி. நீர் போயிருமுங்க.”

இவ்விடை எமக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது. சேறும் உப்பும் ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரம் கசிய வழி வகுப்பன. கடலுள் மூழ்குவோர் கையிற் பற்றிச் செல்லும் உந்துகருவியின் மோட்டாருள் உவர்நீர் புகுந்தாலும், முதலில் நன்னீரிற் கழுவி உப்பை அகற்றுதலே முறை. உலர்த்துதல் அதற்குப் பின்னரே.

கழுவிய காயிலைச் சூட்டுப் பெட்டியுள் வைத்தனர். சூடு மிதமாக இருத்தல் வேண்டும். உள்ளிருக்கும் ஈரம் கொதித்து ஆவியாயின் காப்புறை வெடிக்கும். இடையிடையே மெகர் என்னும் கருவியால் அளந்தனர். ஈண்டொரு புதுமை கண்டோம். சூடேறத் தொடங்கியதும் அளவு உயராது முன்னினும் தாழ்ந்தது. பதற்றமுடையோன் “காயில் போயிற்று” என்று கைவிடுவது இந்த நேரத்தில்தான். பட்டறைக்காரரோ முகம் மாறவில்லை. ஈரம் வெளியேற வெளியேற அளவு மெல்ல ஏறி, பின்னர் ஒரு நிலையில் நின்றது. 415 வோல்ட்டு மோட்டாருக்கு ஒன்றரை மெகோம் அளவேனும் வேண்டும் என்பது பொதுவிதி; அவர் அதனினும் பன்மடங்கு ஏறும்வரை காத்திருந்தார். முழுக் காயிலும் மாற்றினால் அவருக்குக் கூலி மிகுதி என்பதையும் யாம் எண்ணாதிருக்கவில்லை.

காத்திருந்த வேளையில் மற்றை வகையைக் கண்டோம். அது ஆழ்துளைக் கிணற்றின் அடியில் நீருள்ளேயே ஓடும் நீண்ட மோட்டார். அதன் செப்புக் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை உண்டு. அக்கம்பியைத் துளைகளினூடே ஒவ்வொரு சுற்றாகக் கையால் இழுத்துக் கோக்க வேண்டும். நகக்கீறல் ஒன்று போதும், அத்தனை உழைப்பும் பாழாம். கோத்து முடித்தபின் மோட்டாரினுள் தூயநீரை நிரப்பி, காற்றுக்குமிழி அடங்கும்வரை அசைத்து அசைத்து மீண்டும் நிரப்பினர். அந்நீரே சூட்டைத் தணிப்பது; அடியிலுள்ள தாங்கிக்கு எண்ணெயாக உதவுவதும் அதுவே. நீரின்றி ஓடினால் சில நிமிடங்களில் தாங்கி தேய்ந்து, உறையும் இளகிவிடும்.

மூன்றாம் நாள் வார்னிஷ் காய்ந்து, புதுப் பேரிங் ஏறி, முதியவரின் மோட்டார் இரைச்சலின்றிச் சுழன்றது. அவர் அதன் உடலிற் கைவைத்துச் சூடு பார்த்தார். பின்னர் நீர்நிறை மோட்டாரைச் சுட்டி விலை கேட்டார், கேட்டதும் சிரித்தார்.

“இருக்கட்டுமுங்க. மேடையை ரண்டு அடி ஒசத்திப் போட்டுக்கறேனுங்க” என்று சொல்லி, பழைய மோட்டாரை வண்டியில் ஏற்றச் சொன்னார்.