கேள்வி கேட்கிற சொலிசிட்டர்

லண்டனில் வீடு வாங்கப் புறப்படும் எங்கட ஆட்கள் ஒரு வீட்டைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார்கள். வாசல் எந்தத் திசை, குசினிக்குள் வெயில் வருமா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், கோயிலுக்கு எந்த பஸ் என்று எல்லாம் விசாரிப்பார்கள். சொலிசிட்டரை மட்டும் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். விலை பேசி முடித்த அன்றே ஏஜென்ட் ஒரு பெயரைச் சொல்லுவார். அல்லது கோயிலில் கண்ட யாரோ, “எங்கட ஆள்தான், கெதியா முடிச்சுத் தருவார்” என்பார். அவ்வளவுதான், ஆள் சரி.

இந்தப் பழக்கத்துக்கு ஊரில் ஒரு நியாயம் இருந்தது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி, காணி விற்கும் உறுதியை நொத்தாரிசு ஒருவரின் முன்னால், இரண்டு சாட்சிகளோடு முடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் குடும்பத்து உறுதிகளையெல்லாம் ஒரே நொத்தாரிசிடம், அவருக்குப் பிறகு அவர் மகனிடம் என்று எழுதுவித்த வீடுகள் உண்டு. எந்தக் காணிக்கு யார் பங்காளி, எந்த வேலி எப்போது நகர்ந்தது, கிணற்றில் யாருக்குப் பங்கு, எது எந்தச் சீதனத்தில் போனது என்பதெல்லாம் அவருடைய ஞாபகத்தில் இருக்கும். அங்கே தெரிந்த ஆளிடம் போவதுதான் புத்தி.

இங்கிலாந்தில் அந்த ஞாபகத்துக்கு வேலை இல்லை. 1862இல் தொடங்கிய லாண்ட் ரெஜிஸ்ட்ரி இருக்கிறது. 1990 டிசம்பர் முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எந்த இடத்தில் வீடு விற்றாலும் அங்கே பதிந்தாக வேண்டும். சில பவுண் கட்டினால் யாரும் யாருடைய வீட்டுப் பதிவையும் எடுத்துப் பார்க்கலாம். உரிமையாளர் யார், வங்கிக் கடன் உண்டா என்பதைத் தெரிந்துகொள்ள அதுவே போதும். சொலிசிட்டர் வேண்டியிருப்பது அந்தப் பதிவில் இல்லாதவற்றைக் கேட்பதற்கு.

அப்படிக் கேட்க வேண்டியவை நிறைய. விற்பவர் டிஏ6 என்ற படிவத்தை நிரப்பித் தருவார். அயலாரோடு வழக்கு உண்டா, மாற்றிக் கட்டிய பகுதிகளுக்கு அனுமதி எடுத்ததா என்றெல்லாம் அதில் இருக்கும். “தெரியாது” என்று எழுதிய பதிலை வாங்கி வைத்துக்கொள்கிற சொலிசிட்டரும் உண்டு, விடாமல் துருவுகிறவரும் உண்டு. எங்கட ஆட்கள் செறிந்து வாழும் ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கங்களில் கூரைக்குள் அறை எடுத்த வீடுகளைத் தெருத் தெருவாகக் காணலாம். அந்த அறைக்குக் கட்டட விதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்காமல் வாங்கினால், நாளைக்கு விற்கப் போகும்போது அந்தக் கேள்வி உங்களிடம் வரும். ஃபிளாட் என்றால் குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம் என்பது தலையாய கேள்வி. 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிய குத்தகையை நீட்டச் செலவு ஏறும். 2022 ஜூன் 30 முதல் எழுதிய புதுக் குத்தகைகளில் நிலவாடகை பெரும்பாலும் இல்லை. ஆனால் அதற்கு முந்திய பல குத்தகைகளில் குறித்த ஆண்டுகளுக்கு ஒருதரம் அது இரட்டிப்பாகும் என்று ஒரு வரி ஒளிந்து கிடக்கும். அந்த வரியைக் கண்டுபிடிக்கத்தான் ஆளுக்குக் காசு கொடுக்கிறோம்.

ஏஜென்ட் சொன்ன ஆள் கட்டாயம் மோசமானவர் என்றில்லை. ஆனால் ஏஜென்டுக்குக் கூலி கொடுப்பவர் விற்பவர். ஏஜென்ட் கைகாட்டும் சொலிசிட்டரிடமிருந்து ஏஜென்டுக்கு ஒரு தொகை கிடைக்கவும் கூடும். அப்படிக் கிடைத்தால் அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. கேட்டுப் பாருங்கள். உறவுக்குள் வீடு கைமாறும்போது இன்னொரு யோசனையும் வரும்: “ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள் பார்க்கட்டும், செலவு மிச்சம்.” வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நலன் மோதுகிற இடத்தில் அப்படிச் செய்ய சொலிசிட்டர் விதிகள் விடுவதில்லை. உடனே ஓம் என்று தலையாட்டுகிறவரைவிட முடியாது என்கிறவரை நான் நம்புவேன்.

கட்டணத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2018 டிசம்பர் முதல் சொலிசிட்டர் நிறுவனங்கள் வீட்டு விற்பனைக் கட்டணத்தை வெளிப்படையாகப் போட வேண்டும். கவர்ச்சியான அடித்தொகைக்குக் கீழே குத்தகை வீட்டுக்குக் கூடுதல், காசு அனுப்பக் கூடுதல் என்று வால் நீளும். முழுத்தொகையை எழுத்தில் கேளுங்கள். சொலிசிட்டர்தான் வேண்டும் என்றும் இல்லை. இந்த வேலைக்கென்றே உரிமம் பெற்ற கன்வேயன்சர்களும் இருக்கிறார்கள். உங்கள் வங்கி ஏற்கும் ஆட்களின் பட்டியலில் நீங்கள் பிடிக்கும் ஆளின் பெயர் இருக்கிறதா, அவர் லீவில் போனால் உங்கள் ஃபைலை யார் பார்ப்பார் என்பவைதான் முக்கியம்.

எங்கட ஆட்களுக்கு உண்மையான சோதனை காசு வந்த வழியில் இருக்கிறது. முற்பணத்தில் கொஞ்சம் சம்பளத்தில் மிஞ்சியது, கொஞ்சம் சீட்டு எடுத்தது, கொஞ்சம் கனடா அண்ணா அனுப்பியது, கொஞ்சம் ஊர்க்காணி விற்றது. 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி சொலிசிட்டர் இது ஒவ்வொன்றையும் விசாரித்தாக வேண்டும். சீட்டுக்குப் பற்றுச்சீட்டு ஏது? நம்பிக்கையில் நடக்கிற கணக்கு அது. சீட்டு நடத்தும் தாச்சியின் கொப்பியில் இருக்கிறதை லண்டன் சொலிசிட்டர் எப்படிக் கண்டார்? “எங்களைக் கள்ளர் எண்டு நினைக்கினமோ?” என்று கோபித்து, கேள்வி கேட்காத ஆளைத் தேடி ஓடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அப்படி ஓடுவது வீண். முதல் நாளே கேட்காதவர் கடைசிக் கிழமையில் கேட்பார், அல்லது வங்கி கேட்கும். அப்போது இரு தரப்பும் ஒப்பந்தத்தைப் பரிமாற இருந்த நாள் தள்ளிப்போகும். இந்த நாட்டில் அந்த நாள் வரும்வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. விற்பவர் கூடுதல் விலைக்கு வேறு ஆளிடம் போய்விடலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் அண்ணா தந்த காசில் இருக்கிறது. வங்கிக்கு ஒரு கடிதம் வேண்டும்: இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் எனக்கு உரிமை இல்லை என்று. எல்லாரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள். மனதுக்குள் அது கைமாற்று என்பது எல்லாருக்கும் தெரியும். பிறகு தம்பதிக்குள் பிரிவு வந்தாலோ ஒருவர் இறந்தாலோ அண்ணாவின் கையில் இருப்பது, தனக்கு உரிமை இல்லை என்று தானே எழுதிக்கொடுத்த கடிதம்தான். நல்ல சொலிசிட்டர் இந்த இடத்தில் நிறுத்தி, “உண்மையில் இது என்ன?” என்று கேட்பார். கடன் என்றால் வங்கிக்கு அப்படியே சொல்ல வேண்டும் என்பார். இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் எந்த முறையில் உரிமை எழுதுவது என்றும் கேட்பார். ஒரு முறையில் ஒருவர் இறந்ததும், மரணசாசனம் என்ன சொன்னாலும், முழு வீடும் மற்றவருக்குப் போகும். மற்ற முறையில் அவரவர் பங்கு அவரவருடையது, பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ எழுதி வைக்கலாம். அப்படிச் சேர்ந்து வாங்கும்போது அரைவாசிக்கு மேல் காசு போட்ட ஒரு தங்கைக்கு இந்த வித்தியாசத்தை ஒருவரும் சொல்லவில்லை என்றால் அது அவளுடைய பிழை இல்லை.

களவைப் பற்றியும் ஒரு சொல். 2014இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் வீட்டுக்காரர் போல நடித்த ஒருவரிடம் ஒரு கம்பெனி 11 லட்சம் பவுணை இழந்தது. 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் போலி விற்பனையாளருக்காக நின்ற சொலிசிட்டரும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டைக் காட்டு, முகத்தைக் காட்டு என்று உங்களிடம் கேட்பது இப்படிப்பட்ட களவைத் தடுக்கவும்தான். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று சொலிசிட்டர் பெயரில் மின்னஞ்சல் வந்தால் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். முதல் நாள் நீங்கள் குறித்து வைத்த இலக்கத்துக்குப் பேசி உறுதிப்படுத்துங்கள்.

வீடு அகப்படும் வரை காத்திராமல் இப்போதே இரண்டு மூன்று இடங்களுக்குப் பேசிப் பாருங்கள். நீங்கள் விலையைக் கேட்க, “காசு எங்கேயிருந்து வருகுது, யார் யார் பெயரில் எழுதப் போறீங்கள்?” என்று எவர் திருப்பிக் கேட்கிறாரோ அவரிடமே ஃபைலைக் கொடுங்கள்.