கோலிக்குண்டும் கரும்பு டிரெய்லரும்

கோலி ஆடின யாருக்கும் மீட்சி மோதலைத் தனியா சொல்லித்தர வேண்டாம். ஒரே அளவுல ரெண்டு குண்டு. நேரா அடிச்சா, அடிச்ச குண்டு அங்கேயே நின்னுடும். அடிபட்டது ஏறக்குறைய அதே வேகத்துல ஓடும். இயக்க ஆற்றல் கைமாறுது, அவ்வளவுதான். 'டக்'னு கேக்குற சத்தத்துக்கும் கொஞ்சம் ஆற்றல் போறதால நூத்துக்கு நூறுன்னு சொல்ல முடியாது. கிட்டத்தட்ட மீட்சி மோதல்.

அதே ஆட்டத்தைச் சேத்து உருண்டையில ஆடிப் பாருங்க. சம எடை உள்ள ரெண்டும் மோதி ஒட்டிக்கிச்சுன்னா, மோதின உடனே பாதி வேகத்துலதான் சேர்ந்து நகரும். இது மீட்சியற்ற மோதல். மொத்த உந்தம் ரெண்டு வகையிலயும் மாறாது. ஆனா இங்கே இயக்க ஆற்றல்ல சரிபாதி காணோம். உருண்டை நசுங்குறதுக்கும் சூட்டுக்கும் சத்தத்துக்கும் செலவாகிப்போச்சு.

ரோட்டுல நடக்கிற விபத்து பெரும்பாலும் சேத்து உருண்டை வகைதான். ஆற்றல் எதையாவது நசுக்கித்தான் தீரும். அது தகரமா, எலும்பாங்கிறதுதான் கேள்வி.

போன கரும்பு வெட்டு சமயத்துல, பக்கத்து ஊர்ப் பையன் ராத்திரி பைக்ல வந்து, ரோட்டோரம் நின்ன டிரெய்லர்ல மோதிட்டான். தோகை தொங்கினதுல பின்விளக்கு மறைஞ்சிருந்துச்சு. கால் முறிஞ்சது, உயிர் தப்பிச்சது. அவனோட ஹெல்மெட்டைக் கையில வாங்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த தெர்மாகோல் ஒரு பக்கம் அப்பளமா நசுங்கியிருந்தது. தலை நசுங்க வேண்டிய இடத்துல அது நசுங்கியிருக்கு. அதோட வேலையே அதுதான்.

மணிக்கு 60 கிலோமீட்டர்ல வர்ற உடம்புக்கு எவ்வளவு ஆற்றல்னு கணக்குப் போட்டேன். 14 மீட்டர் உயரத்திலிருந்து தரையில விழுறதுக்குச் சமம். நல்லா வளர்ந்த தென்னை உயரம். வேகத்தை 30 ஆக்கினா உயரம் 7 மீட்டர் ஆகுறதில்ல. வேகத்தோட வர்க்கத்துலதான் கணக்கு போகும், மூன்றரை மீட்டர்தான். திண்ணை வச்ச ஓட்டு வீட்டுக் கூரைய விடக் கொஞ்சம் கூடக்குறைய.

இப்ப எங்க தெருவுல எல்லா டிரெய்லருக்கும் பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டியிருக்கோம். லோடு ஏத்தினதும் தோகையை அறுத்துவிட்டு, டேப் தெரியுதான்னு பார்த்துட்டுத்தான் வண்டியை எடுக்கிறோம்.

டவுன்லேர்ந்து பொங்கலுக்கு ஊருக்கு வர்றவங்க இருட்டுல வேகத்தைப் பாதியாக்குங்க. மரத்தோட உயரம் கால்வாசியாயிடும்.