கடல் வெங்காயம் பூக்கும் பருவம்

இஸ்ரேலின் மழலையர் பள்ளிகளில் கல்வியாண்டு செப்டம்பர் முதல் நாள் தொடங்குகிறது. குழந்தைகள் அழுகையை நிறுத்திப் பள்ளிக்குப் பழகுவதற்குள் எபிரேய நாட்காட்டியின் திஷ்ரி மாதம் வந்துவிடும். அதன் முதல் நாள் ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டு. பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்னும் கழுவாய் நாள். பதினைந்தாம் நாள் சுக்கோத் என்னும் குடில் திருநாள். ஆகவே அக்குழந்தைகள் பருவத்தைத் திருநாளின் வழியாகவும் திருநாளைப் பருவத்தின் வழியாகவும் அறிகின்றனர்.

அந்தப் பருவத்தின் எபிரேயப் பெயர் ‘ஸ்தாவ்’. விவிலியத்தில் உன்னதப்பாட்டில் ஒரே ஓரிடத்தில் வரும் இச்சொல் அங்கே மழைக்குளிரைக் குறிக்கிறது. நவீன எபிரேயம் அதனை ஐரோப்பிய இலையுதிர் காலத்திற்கு உரியதாக்கிக்கொண்டது. (தமிழில் பெயர்க்க வேண்டுமாயின் பழைய பொருளுக்குக் ‘கூதிர்’ அணுக்கமானது.) முதல் எபிரேய மழலையர் பள்ளி ரிஷோன் லெசியோனில் 1898இல் தொடங்கப்பட்டபோது, அம்மொழியில் குழந்தைகளுக்கான பாடல்களோ கதைகளோ மிகக் குறைவு. ஆசிரியைகளும், பின்னர் லெவின் கிப்னிஸ் (1894-1990) போன்ற எழுத்தாளர்களும் திருநாள்தோறும் அவற்றை இயற்ற வேண்டியிருந்தது. அவர்களிற் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். உதிரும் சருகு அவர்கள் நினைவில் இருந்தது. கண்முன் இருந்த மண்ணிலோ கோடை வறட்சி முடிந்து மழைக்கான காத்திருப்பே பருவமாக இருந்தது.

இன்றும் அவ்வகுப்பறைகளில் சருகுப் படங்கள் உண்டு. ஆயினும் அவற்றைவிட மெய்யான ஆசிரியர்கள் வெளியே இருக்கின்றனர். வறண்ட மண்ணிலிருந்து இலையே இல்லாமல் நெடிய தண்டில் வெண்பூக்களைத் தாங்கி எழும் கடல் வெங்காயம். வடக்கிலிருந்து வலசை வரும் வெள்ளை வாலாட்டிக் குருவி. அப்போதுதான் பழுக்கும் மாதுளை. ‘யோரே’ என்று தனிப்பெயர் பெற்ற முதல் மழை. வெட்டிய கிளைகளால் சுக்கோத் குடிலுக்குக் கூரை வேயும்போது, நிழல் மிகுந்திருக்க வேண்டும், ஆனால் விண்மீன்களும் தெரிய வேண்டும் என்பது மரபு. நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிடச் சிறந்த இறையியல் பாடம் அமைவது அரிது.

யோம் கிப்பூர்தான் கடினமானது. குழந்தைகளுக்கு நோன்புக் கடமை இல்லை. மனிதருக்கு இழைத்த தீங்கு அம்மனிதரை ஆற்றுப்படுத்தாமல் கழுவப்படாது என்கிறது மிஷ்னா. இது தோழனிடமிருந்து பறித்த பொம்மைக்கும் பொருந்தும் என்பதால் ஆசிரியைகள் இங்கிருந்தே தொடங்க முடியும். ஆனால் வரிசையாக நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னால் அது ஒப்பிப்பாக மட்டுமே எஞ்சும். பறிகொடுத்த குழந்தை மன்னிக்க மறுக்கவும் இடம் இருக்க வேண்டும்.

மெல்போர்னில் நிலைமை தலைகீழ். அங்கே திஷ்ரி இளவேனிலில் வருகிறது. பஸ்கா வடகோளத்தின் இளவேனிலிலேயே நிலைக்குமாறு 19 ஆண்டுகளில் 7 முறை மிகுதி மாதம் சேர்க்கும் நாட்காட்டி, தென்கோளத்தைக் கணக்கிற் கொள்ளவில்லை. மரங்கள் துளிர்க்கும்போது அங்குள்ள குழந்தைகள் அறுவடைத் திருநாள் கொண்டாடுகின்றனர். திருநாளின் இறுதியில் பெரியவர்கள் தொலைதூர நிலம் ஒன்றின் மழைக்காக மன்றாடுகின்றனர். இதனைக் குறை என்று கொள்ள வேண்டியதில்லை. சாளரத்துக்கு வெளியே காண்பதும் திருநாள் சொல்வதும் வேறு என்று அக்குழந்தை விரைவிலேயே கேட்கத் தொடங்கும். மெய்யான பாடத்திற்கு அந்தக் கேள்வியே நல்ல வாயில்.

இஸ்ரேலில் இக்கேள்வி எழ வாய்ப்பில்லை. அங்கே நிலமும் நாட்காட்டியும் பொருந்திவிடுகின்றன. அந்தப் பொருத்தத்தில் மறைந்துபோவதும் ஒன்றுண்டு. யோசுவா நிலத்தைப் பங்கிட்டபோது எல்லை குறித்த செடியாகத் தல்மூத் சுட்டுவது இதே கடல் வெங்காயத்தைத்தான். பாலஸ்தீன அரபு உழவர்களும் தம் வயல்களின் எல்லையில் இதனையே நட்டு வந்தனர். அவர்களுடைய குழந்தைகள் பெரும்பாலும் தனி மழலையர் பள்ளிகளில், அரபு மொழியில், வேறு திருநாள்களோடு பயில்கின்றனர். கோடையின் முடிவில் அவர்களுடைய பள்ளிகளுக்கு அருகிலும் பூப்பது இச்செடிதான்.