கேம் கன்சோல் வாங்குவதா, வேண்டாமா? – எங்கள் வீட்டுக் கணக்கு



பிள்ளைகள் கேட்கும் பொருள்களில் சில, வாங்கிக் கொடுத்த அன்றோடு முடிந்துவிடும். வேறு சில, வாங்கிய பிறகுதான் தொடங்கும். கேம் கன்சோல் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதை வாங்குவதா, வேண்டாமா என்று கடந்த மூன்று மாதங்களாக எங்கள் வீட்டில் நடந்த யோசனையை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். வளைகுடாவில் கணவர் உழைக்க, ஊரில் பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் சகோதரிகளுக்கு இது பயன்படலாம்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். மகளுக்கு ஒன்பது வயது. என் கணவர் துபாயில் பணிபுரிகிறார். ஆண்டுக்கு ஒருமுறை, முப்பது நாள் விடுப்பில் ஊர் வருவார். பிஎஸ் 5 வேண்டும் என்று மகன் கேட்டது என்னிடம் அன்று, அவன் வாப்பாவிடம். கேட்ட மாத்திரத்தில் அவரும், "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். தூரத்தில் இருக்கும் தகப்பனுக்கு மறுப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். ஆயினும், அந்தப் பெட்டி வந்து இறங்கிய பிறகு அதனோடு நாள்தோறும் வாழ வேண்டியவள் நான். ஆகவே, முடிவெடுக்குமுன் எல்லாவற்றையும் விசாரித்து எழுதி வைப்போம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் இசைந்தார்.

முதலில் எழுந்தது மார்க்க ரீதியான கேள்வி. விளையாட்டு என்றாலே வீண் என்று தள்ளிவிடுவது நம் வீடுகளில் எளிதாக நடக்கிறது. ஆனால் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியபோது, அன்னையவர்கள் சலிக்கும் வரை பார்ப்பதற்குத் துணை நின்றிருக்கிறார்கள். மகிழ்ச்சிக்கு இடமில்லாத மார்க்கம் அன்று இது. எங்கள் பகுதி ஆலிம் ஒருவரிடம் கேட்டபோது அவர் தடை என்றும் சொல்லவில்லை, தாராளம் என்றும் சொல்லவில்லை. கடமையான தொழுகை தவறக் கூடாது, சூதாட்டம் கலக்கக் கூடாது, ஆபாசம் இருக்கக் கூடாது, பொருளும் நேரமும் விரயமாகக் கூடாது என்று நான்கு வரம்புகளைச் சொல்லி, "இவை உங்கள் வீட்டில் காக்கப்படுமா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்" என்று முடித்துக்கொண்டார். நாங்கள் அந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம்.

பொருளிலிருந்து தொடங்கினோம். 2021 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, டிஸ்க் போடும் வசதியுள்ள பிஎஸ் 5-இன் விலை 49,990 ரூபாய். நாள் செல்லச் செல்ல விலை குறையும் என்று எதிர்பார்த்தால், அது பின்னர் 54,990 ஆக உயர்ந்தது. டிஸ்க் வசதி இல்லாத பெட்டி அப்போது 10,000 ரூபாய் குறைவாக இருந்தது. ஆனால் டிஸ்க் வசதி இல்லாவிட்டால், பழைய டிஸ்க்குகளைக் குறைந்த விலைக்கு வாங்கவோ, நண்பர்களிடம் இரவல் பெறவோ, விளையாடி முடித்ததை விற்கவோ இயலாது. ஒவ்வொன்றையும் இணையக் கடையில் அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும். அத்துடன், இருவர் சேர்ந்து ஆட இன்னொரு கண்ட்ரோலர் 6,000 ரூபாய் அளவில்; புதிய விளையாட்டு ஒன்றுக்கு 4,000 முதல் 5,000 ரூபாய்; கட்டணம் செலுத்தி வாங்கிய பெரும்பாலான விளையாட்டுகளை இணையத்தில் பிறரோடு ஆடுவதற்குத் தனியாக ஆண்டுச் சந்தா. எல்லாவற்றையும் கூட்டியபோது முதல் ஆண்டுச் செலவு 75,000 ரூபாயை நெருங்கியது. அட்டைப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலை ஒரு தொடக்கம் மட்டுமே என்பதைச் சகோதரிகள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கடையில் விசாரித்தபோது, "நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கிறது, வட்டியே கிடையாது" என்றார்கள். வட்டியைத் தவிர்க்க விரும்பும் நம்மவர்களில் பலர் இந்தச் சொல்லை நம்பிவிடுகிறார்கள். உண்மையில் நடப்பது என்ன? வங்கி வழக்கம்போல் வட்டி போடுகிறது. அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார். மாதாந்தரக் கணக்கை எடுத்துப் பார்த்தால், அசல் ஒரு வரியாகவும், வட்டி ஒரு வரியாகவும், அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி இன்னொரு வரியாகவும் நிற்கும். பூஜ்ய வட்டி என்பதே உண்மையில் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஒரு விளையாட்டுப் பொருளுக்காக நம் பெயரில் வட்டிக் கணக்கு ஒன்றைத் தொடங்குவதில்லை, வாங்கினால் கையிலுள்ள பணத்தில் வாங்குவது என்று அன்றே தீர்மானித்தோம்.

அடுத்து, சூது. பணம் வைத்து ஆடும் ஆட்டம் எதையும் என் மகன் கேட்கவில்லை. அவன் கேட்டது கால்பந்து. ஆனால் முன்பு ஃபிஃபா என்ற பெயரிலும், 2023 முதல் எஃப்சி என்ற பெயரிலும் வெளிவரும் அந்த விளையாட்டில், 'பேக்' எனப்படும் மூடிய பொதிகள் உண்டு. உண்மையான பணத்தைக் கொடுத்து அவற்றை வாங்கலாம். பிரித்தால் புகழ்பெற்ற வீரரும் கிடைக்கலாம், ஒன்றுக்கும் உதவாத பெயர்களும் கிடைக்கலாம். என்ன கிடைக்கும் என்று அறியாமல் பணம் கட்டி, அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்கும் செயலுக்கு நம் மார்க்கத்தில் என்ன பெயர் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பெல்ஜியம் நாட்டு அதிகாரிகள் 2018-இல் இதைச் சூதாட்டச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். அதன்பின் அந்த நாட்டில் இத்தகைய பொதிகளுக்கான நாணய விற்பனையை அந்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது. மகனிடம் இதைக் கேட்டபோது, "எங்கள் வகுப்பில் எல்லோரும் பேக் திறக்கிறார்கள், உம்மா. நான் திறக்காமலேயே ஆடுவேன்" என்றான். அவன் சொல்லை நம்புகிறேன். எனினும் பதினான்கு வயதுப் பிள்ளையின் மன உறுதியை மட்டும் நம்பிப் பணப்பெட்டியைத் திறந்து வைப்பது அறிவுடைமை ஆகாது. கன்சோலில் பிள்ளைக்குத் தனிக்கணக்கு ஏற்படுத்தி, மாதச் செலவு வரம்பைப் பூஜ்யமாக வைத்துவிட முடியும். இது நல்ல ஏற்பாடு. வாங்கியவர்கள் இன்றே செய்து வைக்கலாம்.

ஆபாசமும் வன்முறையும் மூன்றாவது. விளையாட்டு உறையின் மேல் 3, 7, 12, 16, 18 என்று வயது எண் அச்சிடப்பட்டிருக்கும். திரைப்படச் சான்றிதழைப் பார்க்கும் நாம் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. மைன்கிராஃப்ட் 7 வயதுக்கானது. பிள்ளைகள் பெயர் சொல்லித் திரியும் ஜிடிஏ 5 பதினெட்டு வயதுக்கானது. இரண்டும் நம் கண்ணுக்கு 'கேம்'தான். வயது வரம்பை முன்கூட்டியே அமைத்துவிட்டால், அதற்கு மேற்பட்டவை பிள்ளையின் கணக்கில் திறக்காது. ஆனால் முன்பின் தெரியாதவர்களோடு காதில் கருவி மாட்டிக்கொண்டு பேசும் வசதியும் இருக்கிறது. அதையும் தனியே அடைக்க வேண்டும்.

கடைசியாக நேரம். மிகக் கடினமானது இதுவே. ஆரோக்கியமும் ஓய்வுநேரமும் மனிதர்களில் அதிகமானோர் ஏமாந்துபோகும் இரு அருட்கொடைகள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனமும் கட்டுப்பாடற்ற விளையாட்டுப் பழக்கத்தைத் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் சேர்த்திருக்கிறது; அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நிறைய விளையாடுபவர் எல்லோரும் நோயாளிகள் என்று அது கூறவில்லை. படிப்பும் உறவும் பிற வேலைகளும் கெடுவது கண்ணெதிரே தெரிந்தும் நிறுத்த இயலாமல் நீண்டகாலம் தொடர்வதையே அது குறிக்கிறது.

எங்கள் வீட்டில் கேள்வி இன்னும் சிறியது, ஆனால் கூர்மையானது. மகன் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் கடற்கரையில் கால்பந்து ஆடுகிறான்; மக்ரிபுக்குப் பள்ளிக்குப் போகிறான்; இஷா வரை ஓதுகிறான்; பிறகு பாடம். இந்த ஒழுங்கில் கன்சோல் எங்கே நுழையும்? கணினியை எதிர்த்து ஆடும் ஆட்டத்தைப் பாங்கு சொன்னவுடன் நிறுத்தி வைக்கலாம். இணையத்தில் இன்னொருவரோடு ஆடும்போது விரும்பியபடி நிறுத்த முடியாது. எழுந்து போனால் தோல்வி. பாங்கொலி கேட்டும், "இன்னும் ஐந்தே நிமிடம்" என்று பிள்ளை சொல்வதற்கான காரணம் அங்கேயே இருக்கிறது. அது அவனுடைய ஈமானின் குறையன்று, விளையாட்டின் அமைப்பு. குறித்த நேரம் முடிந்தவுடன் தானே வெளியேற்றிவிடும் ஏற்பாடு கன்சோலில் உண்டு. ஆனால் தொழுகைக்குப் பிள்ளையை எழுப்பி அனுப்பும் பொறுப்பை ஒரு பெட்டியிடம் ஒப்படைக்க என் மனம் ஒப்பவில்லை.

இடையில் மகள் கேட்டாள்: "காக்காவுக்கு அது என்றால், எனக்கு என்ன?" அன்பளிப்பில் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி நமக்குக் கட்டளை இருக்கிறது. முக்கால் லட்சம் ரூபாயை ஒரு பிள்ளையின் அன்பளிப்பாக எப்படி எழுதுவது? வாங்குவதானால் அது வீட்டின் பொதுப்பொருளாக, கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும், இருவரும் ஆடலாம் என்பது இதிலிருந்து பிறந்த விதி.

இவ்வளவும் எழுதி முடித்து ஓர் இரவு கணவரிடம் படித்துக் காட்டினேன். அங்கே வாட்ஸ்அப் அழைப்பு இயங்காது. வேறொரு செயலியில்தான் பேசுவோம். எங்களுக்கு ஒன்பதரை மணி என்றால் அவருக்கு எட்டு. வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தம் மனத்திலிருந்ததைச் சொன்னார். "நானும் இங்கே ஒன்று வாங்கிக்கொண்டால் வார விடுமுறையில் அவனோடு ஆடலாமே என்று நினைத்தேன். ஃபோனில் பேசினால், 'சாப்பிட்டாயா, படித்தாயா' என்பதற்கு மேல் எனக்கும் அவனுக்கும் பேச்சு வருவதில்லை."

இதைக் கேட்டபின் எங்கள் கணக்கு முழுவதும் வேறாயிற்று. மகன் கேட்டது விளையாட்டு. அவர் தேடியது மகனை. மீசை அரும்பும் வயதில் ஆண்பிள்ளை தகப்பனை நோக்கித் திரும்புகிறான். அந்த ஆண்டுகளில் நம் ஊர்களின் தகப்பன்மார் திரைக்குள் இருக்கிறார்கள். இரண்டு கன்சோல்கள் அந்தக் குறையைக் கொஞ்சம் ஆற்றும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒன்றாக ஆடுவதும் ஒன்றாக இருப்பதன் ஒரு வகைதான்.

அப்படியானால் அந்தப் பணத்துக்கு அவரே வரலாமே என்று தோன்றியது. செப்டம்பர் இறுதியில் காலாண்டு விடுமுறை. அந்த நாள்களில் துபாயிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போக வர விமானக் கட்டணத்தை விசாரித்தோம். எங்கள் 75,000 ரூபாயில் பாதிக்குள் அடங்கியது. சம்பளமில்லா விடுப்பில் பத்து நாள் வந்தால் இழக்கும் ஊதியத்தையும் சேர்த்தால், ஏறத்தாழ அதே தொகை. தகப்பன் வேண்டுமா, பெட்டி வேண்டுமா என்று மகனிடம் கேட்க வேண்டாம் என்பதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம். அந்தத் தராசைப் பிள்ளையின் கையில் கொடுப்பது அநியாயம். எதைச் சொன்னாலும் அவன் குற்ற உணர்வையே சுமப்பான். நிறுக்க வேண்டியவர்கள் பெற்றோர்.

கணவருக்கு விடுப்புக் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். கன்சோல் இந்த ஆண்டு இல்லை என்று அவரே மகனிடம் சொன்னார். காரணங்களை மறைக்காமல் சொன்னார். மகன் மகிழவில்லை. "சரி, வாப்பா" என்றவன் இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. ஏமாற்றம் அவனுடைய உரிமை. அதை உபதேசத்தால் உடனே துடைத்தெறிய நான் முயலவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, பெருநாள் காசைச் சேர்த்து வைத்தால் அடுத்த ஆண்டு பாதியை அவன் போடலாமா என்று கேட்டான். போடலாம் என்றோம். கூடத்தில் வைப்பது, பாங்குக்கு அரைமணி முன்பு நிறுத்துவது, பேக் வாங்காமலிருப்பது, தங்கைக்கும் முறை கொடுப்பது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி அவனிடமே கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு நாங்கள் வாங்கவும் கூடும்.

ஏற்கெனவே வாங்கியவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஒவ்வொரு வீட்டின் நிலையும் வேறு. வெளியே ஆட இடமில்லாத மாநகரப் பிள்ளைக்கும், உடல்நலமின்றி வீட்டிலேயே இருக்கும் பிள்ளைக்கும் விடை வேறாக இருக்கலாம். இப்போது யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: விலையைப் பார்க்குமுன், இந்தப் பொருளால் நம் வீட்டில் எந்தக் குறையை நிரப்ப எண்ணுகிறோம் என்று கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். அந்தக் குறையை நிரப்ப வேறு வழி இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், நம்மை அவர்களுக்கு அருகில் இருப்பவர்களாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.