மெல்லச் சொன்ன கடிதம்

என் கதை ஒன்று ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, அதன் நடுவில் வரும் தாயின் கடிதத்தை எந்த எழுத்தில் அச்சிடலாம் என்று பதிப்பாளர் கேட்டார். மாதிரித் தாள்களைப் புரட்டிய எனக்கு ஓரிடத்தில் கண் நின்றுவிட்டது. அதன் பெயர் கில் ஸான்ஸ் லைட் இடாலிக்.

எழுத்தின் முனைகளில் ஸெரிப் என்ற குறுங்கோடுகள் இல்லாத இனம் அது. வடித்தவர் எரிக் கில். கல்லில் எழுத்து வெட்டுவது அவர் தொழில். 1926-ல் பிரிஸ்டல் நகரத்துப் புத்தகக் கடை ஒன்றுக்கு அவர் எழுதிய பெயர்ப் பலகைதான் வித்து. 1928-ல் மோனோடைப் கம்பெனி அதை அச்செழுத்தாக வெளியிட்டது. 1935-ல் பெங்குவின் புத்தகங்களின் அட்டையிலும் ஏறிற்று. அங்கெல்லாம் அதற்கு நிமிர்ந்து நின்று உரக்கச் சொல்கிற வேலை.

அந்தக் குடும்பத்தில் மெல்லப் பேசுகிற பிள்ளை இந்த மெலிந்த சாய்வெழுத்து. நிமிர்ந்ததைப் பிடித்துச் சாய்த்து மட்டும் செய்ததல்ல. ஆங்கிலச் சிறிய 'ஏ'யைப் பாருங்கள்: தலைக்கு மேலிருந்த வளைவு மறைந்து, கையால் எழுதியது போல் ஒரு வட்டமும் கோடுமாக நிற்கிறது. 1957-ல் வந்த யூனிவர்ஸின் சாய்வெழுத்தில் அந்த வளைவு போகாது. அது சாய்ந்தாலும் அச்செழுத்துத்தான். இதிலோ ஒரு கையின் ஓட்டம் தெரிகிறது. தாயின் கடிதத்துக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு பக்கத்தையும் இதிலேயே போடச் சொல்லிவிட்டேன்.

முதல் பிரதியை எனக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியரிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். எண்பது கடந்தவர். அவருடைய அபிப்பிராயத்துக்காக ஒரு மாதம் காத்திருந்தேன்.

"நன்றாயிருக்கிறதப்பா. ஆனால் அந்த அம்மா என்னதான் எழுதினாள்? பூதக்கண்ணாடி வைத்தும் தெரியவில்லை. தாண்டிப் போய்விட்டேன்" என்றார்.

கதையின் உயிரே அந்தக் கடிதம்தான். "நான் வாசிக்கிறேன், சார்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். வாசிக்கையில்தான் எனக்கே புரிந்தது. கோடு மெலிந்தால் தாளின் வெண்மை அதை விழுங்குகிறது. அதுவே சிறிதாகவும் சாய்வாகவும் இருந்தால் கண் வரிக்கு வரி தடுமாறுகிறது. படத்தடியில் ஒரு வரி, அத்தியாயத் தலைப்பில் ஒரு மேற்கோள், திருமண அழைப்பில் இரண்டு பெயர்கள் என்று நிமிர்ந்த எழுத்துக்குப் பக்கத்தில் கொஞ்சமாக வரும்போதுதான் அதற்கு அழகு. ஊரே ரகசியம் பேசினால் யார் காதில் விழும்?

எழுத்தின் மேல் குற்றமில்லை. தாயின் குரல் மென்மையாயிருக்க வேண்டும் என்று நினைத்த நான், அது கேட்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன்.

இரண்டாம் பதிப்பில் கடிதம் முழுதும் நிமிர்ந்த எழுத்தில் வந்தது. 'உன் அம்மா' என்ற கடைசிச் சொற்களை மட்டும், அளவைச் சற்றுக் கூட்டி, அந்த மெலிந்த சாய்வெழுத்திலேயே விட்டுவைத்தேன். சார் அதைத் தாமே படித்தார்.