காளி உண்மையிலேயே கிரேட்டா?

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முழுசாப் படிச்சு முடிச்சுட்டு அப்புறம் சண்டைக்கு வாங்க.

இந்தப் பள்ளிக்கூடத்தில் என் உண்மையான பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. 'காளி' என்றால்தான் தெரியும். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் ஒரேயடியாக வளர்ந்துவிட்டேன். இப்போது 6 அடி 2 அங்குலம். பள்ளி திறந்த அன்றே யாரோ "டேய், கிரேட் காளிடா!" என்று கத்த, அதுவே நிலைத்துவிட்டது. எங்க ஊர்ப்பக்கம் காளியப்பன், காளிமுத்து, காளியம்மாள் என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பதால் எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. (கணக்குப் பரீட்சைப் பேப்பர் தரும் அன்று மட்டும் அது 'காலி' ஆகிவிடும்.) ஆனால் ஒருத்தர் பேரை நம்ம தலையில் கட்டிட்டாங்கன்னா, அவர் நெசமாவே திறமைசாலியா, இல்ல வெறும் உயரந்தானான்னு பார்க்கணும் இல்லையா? அதனால் அரைப் பரீட்சை லீவு முழுக்க அவருடைய பழைய சண்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்காக: தி கிரேட் காளியின் சொந்தப் பெயர் தலிப் சிங் ராணா. 1972-ல் இமாச்சலப் பிரதேசத்தில் சிர்மூர் மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர். கூலி வேலை, காவலாளி வேலை எல்லாம் பார்த்து, பிறகு பஞ்சாப் போலீஸில் சேர்ந்தார். பாடி பில்டிங்கில் பட்டம் வாங்கினார். அமெரிக்கா போய் முதன்முதலில் ரிங்கில் ஏறியது 2000-ல். அப்போதே வயது 28. 2006 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.இ.-யில் வந்து இறங்கிய அன்றைக்கே அண்டர்டேக்கரை அடித்துப் போட்டார். உயரம் 7 அடி 3 அங்குலம் என்று முதலில் சொன்னார்கள், அப்புறம் 7 அடி 1 அங்குலம் ஆனது. எப்படிப் பார்த்தாலும் என்னைவிட ஒரு அடி கிட்ட எச்சு.

எங்கள் சோமனூர் மாமா தறி ஓட்டுகிறவர். 2007-ல் எட்டாவது படித்தார். காளி என்றால் உயிர். பெட்டிக்கடையில் வாங்கிச் சேர்த்த ரெஸ்லிங் டிரம்ப் கார்டு ஒரு கட்டு இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். "மாப்ள, அண்டர்டேக்கரையே படுக்க வெச்சவன்டா. நம்ம நாட்டுக்காரன்" என்பார். என் வகுப்பில் ரெஸ்லிங் பார்க்கிற கூட்டம் இதற்கு நேர் எதிர். "அவனுக்கு என்னடா தெரியும்? புளியமரமாட்டம் நிப்பான். அவ்ளோதான்." இரண்டு பக்கத்திலும் யாரும் ஒரு சண்டையையாவது முழுசாகப் பார்த்துவிட்டுப் பேசுவதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒன்று. "அதெல்லாம் டூப்பு, யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிருவாங்க" என்று தமிழய்யா சிரிப்பது கேட்கிறது. ஆமாங்க ஐயா, முன்னாடியே முடிவு பண்ணுவதுதான். ஆனால் அண்ணன்மார் சாமி கதைக் கூத்தில் பொன்னரும் சங்கரும் படுகளத்தில் சாய்வார்கள் என்பது பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம், சாய்கிற நேரத்தில் எங்க அம்மத்தா மாதிரி ஆட்கள் அழுகிறார்கள். அப்போ திறமை முடிவில் இல்லை, ஆடுகிறவனிடம் இருக்கிறது. ரெஸ்லிங்கும் அப்படித்தான்.

இதில் பெரிய திறமை எது என்று நினைக்கிறீர்கள்? அடிப்பதா? இல்லை. விழுவது. அந்த ரிங் மெத்தை கிடையாது. இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிசாக ஒரு ஸ்பாஞ்சு, அதன் மேல் கித்தான் துணி. மல்லாக்க விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்து, மூச்சை வெளியே விட்டு, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படும்படி கையைத் தட்டி விழ வேண்டும். தலை முதலில் பட்டால் தொலைந்தோம். இதற்கு அவர்கள் 'பம்ப்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அடுத்த திறமை, எதிராளியை உடம்பு கெடாமல் கீழே போடுவது. தூக்கியவன் கையில்தான் விழுகிறவன் உயிர்.

இது வெறும் பேச்சில்லை. 2001 மே மாதம் காளி பயிற்சி எடுத்த கலிபோர்னியா பள்ளியில், அவரோடு பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு இளைஞர் தலையில் அடிபட்டு இறந்தார். அதற்கு முன்பே அந்த இளைஞருக்குத் தலையில் ஒரு அடி பட்டிருந்தது. வழக்கு நடந்து 2005-ல் பயிற்சிப் பள்ளி மேல்தான் தவறு என்று தீர்ப்பு வந்தது. காளி மேல் பழி வரவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. 'காளி' என்று யாராவது கூப்பிட்டால் ரெண்டு நாள் திரும்பிப் பார்க்காமலே இருந்தேன்.

சரி, இப்போ அளக்கலாம். விழுவதில் காளி எப்படி? சுமார்தான். அவ்வளவு உயரத்திலிருந்து மல்லாக்க விழ முட்டியும் இடுப்பும் மடங்க வேண்டும். அவருக்கு மடங்கவில்லை. ஓடவும் முடியாது, நடந்துதான் போவார். கயிற்றில் மோதித் திரும்பி வருவது அபூர்வம். செய்வதெல்லாம் தலையில் ஒரு கை வெட்டு, இரண்டு கையாலும் மண்டையைப் பிடித்து நசுக்கும் பிடி, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் போடுவது. மூன்று வித்தை, திரும்பத் திரும்ப. 2006 மே 21 அன்று 'ஜட்ஜ்மென்ட் டே' நிகழ்ச்சியில் அண்டர்டேக்கரை ஜெயித்தாரே, மாமா சொல்லிச் சொல்லி மகிழும் அந்தச் சண்டையை நாலு தடவை பார்த்தேன். ஓடுவது, சாய்வது, வலியால் துடிப்பது, எழுந்து தள்ளாடுவது எல்லாம் அண்டர்டேக்கர். அவர் விழுந்த விழுகையால்தான் இவர் மலை மாதிரி தெரிகிறார். மாமாவிடம் சொன்னேன். "அப்போ அண்டர்டேக்கர் நல்லா விழுந்தாருங்கறயா?" என்றார். "ஆமாங் மாமா, அதுதான் விஷயமே" என்றேன். டீயைக் குடித்துவிட்டுத் தறியைப் பார்க்கப் போய்விட்டார்.

2007 ஜூலை 17 அன்று அவர் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அப்போது சாம்பியனாக இருந்த எட்ஜ் காயத்தால் பட்டத்தை விட்டுவிட, 20 பேரை ஒரே ரிங்கில் ஏற்றி, கடைசிவரை மேல் கயிற்றைத் தாண்டி வெளியே விழாமல் நிற்பவருக்குப் பட்டம் என்று வைத்தார்கள். காளிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை அது! நிற்கணும், தள்ளணும், அவ்வளவுதான். செப்டம்பர் 16-ல் பட்டிஸ்டாவிடம் பட்டம் போய்விட்டது. அந்த வருஷமே அமெரிக்காவில் ரெஸ்லிங் அப்சர்வர் என்ற செய்திமடல் வாசகர்களிடம் ஓட்டெடுத்து, தகுதிக்கு மேல் தூக்கிவைக்கப்பட்டவர் என்ற பட்டத்தையும் அவருக்கே கொடுத்தது. கம்பெனிக்கு இந்தியாவில் கூட்டம் வேண்டும், அதற்கு ஒரு இந்தியர் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மாமாவின் டிரம்ப் கார்டில் உயரம், எடை, நெஞ்சளவு, கைச்சுற்று எல்லாம் போட்டிருக்கிறது. எப்படி விழுவார் என்று ஒரு கட்டம் இல்லை. உயரம் கேட்டால் காளி வைத்திருப்பவன் எல்லாக் கார்டையும் அள்ளிக்கொள்ளலாம்.

இதில் என் வயிற்றெரிச்சலும் கொஞ்சம் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை. நான் வளர்ந்து வந்த வாரமே, ஒரு ரெய்டு கூட ஓடிக் காட்டாமல், கபடி டீமில் என் பேரைச் சேர்த்துவிட்டார்கள். மண்டலப் போட்டியில் நான் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டபோது அவ்வளவு கைதட்டல்! மூன்று நிமிடத்தில், என் இடுப்பளவு இருக்கும் ஒரு பையன் கணுக்காலைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். கைதட்டிய அதே வாய்கள் "காளி காலி!" என்று கூவின. முதலில் தட்டியதும் உயரத்துக்கு, பிறகு சிரித்ததும் உயரத்துக்கு. நான் கபடி ஆடுவது நல்லாயிருக்கா இல்லையா என்று அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

அதனால்தான் காளியைத் திட்டுகிற கூட்டத்தோடும் என்னால் சேர முடியவில்லை. 2007 ஜூன் 3 அன்று 'ஒன் நைட் ஸ்டாண்ட்' நிகழ்ச்சியில் ஜான் சீனாவோடு நடந்த சண்டையைப் பாருங்கள். எங்கே வேண்டுமானாலும் சாய்த்து எண்ணலாம் என்ற விதி. ரிங்கை விட்டு வெளியே போய், கடைசியில் ஒரு கிரேன் மேடையிலிருந்து சீனா அவரைத் தோளில் தூக்கிக் கீழே போடுகிறார். மடங்காத முட்டியோடு அத்தனை உயரத்திலிருந்து விழ ஒத்துக்கொண்ட மனுஷனை மரம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அன்றைக்கு அவர் அழகாகத் தோற்றார். ஜெயித்ததைவிட நன்றாக இருந்தது.

அந்த முட்டி ஏன் மடங்கவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி. அது வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் சுரக்கும், கையும் தாடையும் பெருத்துக்கொண்டே போகும், மூட்டு தேயும். (உயிரியல் டீச்சர் சொன்னது: அக்ரோமெகலி.) இதே கோளாறு பிக் ஷோவுக்கும் இருந்தது. அவருக்குச் சின்ன வயதிலேயே அறுவை சிகிச்சை செய்துவிட்டார்கள். அதனால்தான் அவரால் அத்தனை எடையோடும் குதிக்க முடிந்தது என்று நினைக்கிறேன். காளிக்கு அறுவை சிகிச்சை நடந்தது 2012-ல், 40 வயதை நெருங்கும்போது. சாம்பியன் பட்டம் வாங்கியதெல்லாம் அதற்கு முன்னால்.

என் தீர்ப்பு இதுதான்: ரிங்குக்குள்ளே அவர் திறமைக்குப் பத்துக்கு மூன்று. சாம்பியன் ஆக்கியது அதிகம், ரொம்ப அதிகம். ஆனால் அந்த அதிகத்தை அவர் கேட்டு வாங்கவில்லை. 2015-ல் ஜலந்தரில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே படித்த கவிதா தேவி 2017-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. போன முதல் இந்தியப் பெண்ணானார். 2021-ல் காளி பேரை அவர்களுடைய ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். மாமா இதைச் சொல்லி ஒரு மாதம் என்னைச் சும்மா விடவில்லை. ஜலந்தர் பள்ளியில் முதல் பாடம் விழுவதாகத்தான் இருக்கணும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

— 'காளி', பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு