தற்காலிக நடுநிலை

சீன எழுத்துகளில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சிறு பெட்டி ஒன்றை நெடுங்கோடு நடுவே துளைத்துக்கொண்டு இறங்கும். 'நடு' என்று பொருள். பழைய சீனத் தபால்தலைகளின் மேலச்சை அடையாளம் காண அந்த ஓர் எழுத்தே எனக்குத் துணை.

1911 அக்டோபரில் வூச்சாங்கில் புரட்சி வெடித்தது. 1912 ஜனவரி 1 அன்று நான்ஜிங்கில் குடியரசு அறிவிக்கப்பட்டது. பீஜிங்கிலோ பேரரசர் இன்னும் அரியணையில் இருந்தார். கையிருப்பில் இருந்தவை சுருண்ட டிராகன் பொறித்த பேரரசின் தபால்தலைகள். இரு தரப்பு ஊர்களுக்கும் கடிதம் போய்ச் சேர வேண்டும். அஞ்சல் துறைக்குத் தலைவராயிருந்த பிரெஞ்சுக்காரர் தியோஃபில் பீரி, டிராகனின்மேல் 'தற்காலிக நடுநிலை' என்ற பொருளில் நான்கு எழுத்துகளை அச்சிடச் செய்தார். நான்ஜிங் அரசு எதிர்த்தது. ஒரு நாட்டின் தபால் அந்த நாட்டிலேயே எப்படி நடுநிலை வகிக்கும்? உடனே 'சீனக் குடியரசு' என்ற நான்கு எழுத்துகள் குறுக்கே சேர்க்கப்பட்டன. சிலுவை வடிவில், 'சீனக் குடியரசு தற்காலிக நடுநிலை' என்றொரு விசித்திர வாசகம் பிறந்தது. பிப்ரவரி 12 அன்று பேரரசர் முடிதுறந்துவிட, நடுநிலைக்கு வேலையில்லாமல் போயிற்று. பிறகு பெருமளவில் வந்தவற்றில் 'சீனக் குடியரசு' மட்டுமே இருந்தது.

மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். என் எழுத்து முதலிடத்தில் நின்றால் குடியரசு. மூன்றாமிடத்தில் நின்றால் நடுநிலை. முன்னது எளிதில் கிடைக்கும். பின்னது அரிது; ஆகவே போலிகளும் மிகுதி.

இந்த அரைகுறை ஞானத்தோடுதான் ஒருநாள் மூன்றாமிடத்தில் அவ்வெழுத்தைக் கண்டேன். அரைமாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை.

சேகரிப்பில் மூத்த நண்பர் ஒருவர் அதைப் பூதக்கண்ணாடியின் கீழே சாய்த்துப் பிடித்தார். "எழுத்து மேலே கிடக்கிறதா, முத்திரை மேலே கிடக்கிறதா, பாருங்கள் தம்பி" என்றார். மேலச்சிட்ட பிறகே தபால்தலை விற்பனைக்கு வரும். கடிதத்தில் ஒட்டிய பிறகே முத்திரை விழும். என்னுடையதில் முத்திரையின் மையைக் கடந்து எழுத்தின் மை ஓடியிருந்தது. பயன்படுத்தி முடிந்த மெய்யான தபால்தலையின்மேல் எவரோ பின்னாளில் அச்சிட்டிருக்கிறார்கள். டிராகன் மெய், நடுநிலைதான் பொய்.

சென்ற வாரம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விலையைக் கேட்டாள். சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு பூதக்கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குனிந்தாள்.

"டிராகன் அழகாகத்தான் இருக்கிறது" என்றாள்.